இன்ட் 80, சிஸ்கால், லிப்சி: அசெம்பிளியிலிருந்து கெர்னலைக் கூப்பிட எந்த வழி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து இன்ஜினியரிங் பிள்ளைகள் பலருக்கு, சிப்புக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் மொழியான அசெம்பிளி அறிமுகமாவது 8086 லேபில்தான். அங்கே ஓஎஸ்ஸைக் கூப்பிட டாஸ் காலத்து இன்ட் 21: சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ஏஹெச் ரெஜிஸ்டரில் 9, வாக்கியத்தின் கடைசியில் டாலர் குறி, அவ்வளவுதான், திரையில் எழுத்து வந்துவிடும். அதையே வீட்டில் லினக்ஸ் லேப்டாப்பில் செய்யப் பார்த்தால், ஓஎஸ்ஸின் மையமான கெர்னலைக் கூப்பிட மூன்று வழிகள் இருக்கின்றன. பழைய இன்ட் 80, 64-பிட் லினக்ஸில் பயன்படும் சிஸ்கால் கட்டளை, அல்லது சி லைப்ரரியான லிப்சியின் ஃபங்ஷனை அழைப்பது.

இன்ட் 80-ஐ முதலில் ஒதுக்கிவிடலாம். அது 32-பிட் லினக்ஸின் வாசல். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. தக்கலைத் தம்பி ஒருவன் போனில் கேட்டான்: "அண்ணே, அசெம்பிள் ஆவுது, லிங்க் ஆவுது, ஓட்டினா ஒண்ணும் சொல்லாம முடிஞ்சு போவுது." ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் 1 வைத்து இன்ட் 80 கொடுத்திருந்தான். கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. 64-பிட் பட்டியலில் 1 என்றால் ரைட், அதாவது எழுது. 32-பிட் பட்டியலில் ரைட்டின் எண் 4, 1 என்பது எக்சிட், அதாவது முடி. இன்ட் 80 பார்ப்பது 32-பிட் பட்டியலை. கேட்டதைக் கெர்னல் ஒழுங்காகச் செய்து, புரோகிராமை முடித்துவிட்டது.

எண்ணைத் திருத்தினாலும் நிம்மதி இல்லை. இன்ட் 80 முகவரியின் கீழ் 32 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். டேட்டா பகுதி தாழ்ந்த முகவரியில் இருந்தால் வேலை நடக்கும். உயர்ந்த முகவரியில் இருக்கும் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கில் உள்ள பஃபரைக் கொடுத்தால் -14, அதாவது தவறான முகவரி என்று திரும்பும். ஒரு நாள் ஓடி மறுநாள் ஓடாத இந்த மாதிரி கோடுதான் புதிதாகப் படிப்பவர்களின் ஆசையைக் கெடுக்கிறது. முழு 32-பிட் புரோகிராம் எழுதினால் தவிர, இதைத் தொட வேண்டாம்.

சிஸ்கால் நேர்மையான வழி. எண் ஆர்ஏஎக்ஸில், அழைப்புக்குத் தரும் மதிப்புகள் வரிசையாக ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9. நான்காவது இடத்தில் ஆர்சிஎக்ஸ் இல்லாததற்குக் காரணம் உண்டு: திரும்பி வர வேண்டிய முகவரியை சிப் அதில்தான் எழுதிவைக்கிறது. ஃபிளாக்குகள் ஆர்11-க்குப் போகும். ஆகவே ஆர்சிஎக்ஸை லூப் கவுண்டராக வைத்து நடுவில் சிஸ்கால் கொடுத்தால் கணக்கு போய்விடும்.

இந்த வழியின் அழகு, எதுவும் மறைந்திருக்காது என்பதுதான். 'நாகர்கோவில்' என்று அச்சிட்டுப் பாருங்கள். ஆறு எழுத்துதானே என்று, நீளத்தைச் சொல்லும் ஆர்டிஎக்ஸில் 6 வைத்தால் திரையில் 'நா' மட்டும் வரும். எழுத்தை பைட்டுகளாக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் ந-வுக்கு மூன்று பைட், துணைக்காலுக்கு மூன்று பைட். முழுப் பெயருக்கு 33 பைட் ஆகும். கெர்னலுக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும் என்பது இந்த ஒரு சோதனையில் கையில் பிடிபடும். இதற்காகவே, படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சிஸ்காலைத்தான் சொல்வேன்.

லிப்சி வழியில் சடங்கு கூடுதல். அழைப்பதற்கு முன் ஸ்டாக் 16 பைட்டுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிண்ட்எஃப் சில நேரம் விழுந்துவிடும். பிழை வந்தால் -1 திரும்பும், காரணம் எர்நோ என்ற மாறியில் இருக்கும். அப்புறம் ஒன்று: இரண்டு வழிகளையும் கலக்காதீர்கள். பிரிண்ட்எஃப்பில் அச்சிட்டு, நேரடியாக 60-ஆம் எண் எக்சிட்டைக் கூப்பிட்டால், டெர்மினலில் வரி தெரியும். அதையே ஃபைலுக்குத் திருப்பினால் ஃபைல் காலியாக இருக்கும். லிப்சியின் பஃபரில் இருந்ததை வெளியே தள்ள யாரும் இல்லையே!

"நேராகக் கூப்பிட்டால் வேகம்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. லிப்சியின் ரைட், பெரும்பாலும் அதே சிஸ்காலைச் சுற்றிய மெல்லிய உறைதான். செலவு கெர்னலுக்குள் போய்வருவதில் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டாக 4096 முறை ரைட் கொடுப்பதற்கும், சேர்த்து ஒரே முறை கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பெரியது. மணி கேட்பதில் லிப்சியே முந்தும்: கெர்னல் புரோகிராமுக்குள்ளேயே வைத்துத்தரும் விடிஎஸ்ஓ என்ற பகுதி வழியாக, வழக்கமாகக் கெர்னலுக்குள் போகாமலே நேரத்தைப் படித்துவிடும்.

நேரடி அழைப்பு லினக்ஸில் தைரியமாகச் செய்யலாம், ஏனென்றால் அங்கே எண்கள் மாறாது. மற்ற இடங்களில் அந்த உத்தரவாதம் இல்லை. விண்டோஸில் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். மேக்கில் நேரடியாகக் கூப்பிட்டுவந்த கோ மொழி, 2016-இல் மேக்ஓஎஸ் சியரா வந்தபோது அடிவாங்கியது, 1.12 பதிப்பிலிருந்து மேக்கின் சொந்த லைப்ரரியான லிப்சிஸ்டம் வழியாகப் போகிறது. ஓப்பன்பிஎஸ்டி என்ற ஓஎஸ், அனுமதித்த இடத்திலிருந்து வராத அழைப்பை ஏற்பதே இல்லை.

லினக்ஸுக்குள்ளேயும் சிப் மாறினால் எண் மாறும். குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து மழைமானியை ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில் இணைத்திருக்கும் நண்பருக்கு அசெம்பிளி ஆசை. அதில் இருக்கும் 64-பிட் ஆர்ம் சிப்பில் ரைட் 64, எக்சிட் 93, எண் எக்ஸ்8-இல், கட்டளை எஸ்விசி. லேப்டாப்பில் எழுதியதில் ஒரு வரிகூட அங்கே செல்லாது. மழை அளவைப் பதியும் பகுதியை சியில், லிப்சி வழியாக எழுதச் சொன்னேன். அசெம்பிளியை அவர் தனி ஃபைலில் பழகிக்கொண்டிருக்கிறார்.