குழந்தையின் பெருந்தமனி வால்வு: ராஸ் அறுவையா, உலோக வால்வா?

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாயிலான பெருந்தமனி வால்வு பிறவியிலேயே சுருங்கிய குழந்தைக்குப் பலூனால் விரித்தும், தைத்துச் சீரமைத்தும் பயன் கிட்டாதபோதுதான் வால்வையே மாற்றும் பேச்சு எழுகிறது. சென்னை மருத்துவமனைகளில் அப்போது பெற்றோர் முன் வைக்கப்படும் முக்கிய வழிகள் இரண்டு: உலோக வால்வு, குழந்தையின் சொந்த வால்வு ஒன்றையே இடம்மாற்றும் ராஸ் அறுவை.

உலோக வால்வு எளிதில் தேயாது. அறுவையும் ஒப்பீட்டளவில் நேரடியானது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டு, சென்னையைச் சேர்ந்த டிடிகே நிறுவனத்தால் சந்தைக்கு வந்த சித்ரா வால்வு, இந்த வழியை எளிய குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது. ஆனால் குழந்தை வளரும், வால்வு வளராது; சிறு வயதில் வைத்தால் பின்னர் பெரிய அளவுக்கு மாற்ற வேண்டிவரும். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் போன்ற மாத்திரையை ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் விடாமல் செய்ய வேண்டும். எழும்பூருக்கு ரயிலேறி வரும் குடும்பத்துக்கு, அறுவையைவிட இந்தப் பரிசோதனைதான் பெரும் சுமை என்பது என் எண்ணம். மாத்திரையின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே உள்ள முருங்கைக்கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை. ஒருவாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் நிறுத்துவதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும்.

1967-இல் லண்டனில் அறுவை மருத்துவர் டொனால்ட் ராஸ் தொடங்கிவைத்த முறையில், குழந்தையின் சொந்த நுரையீரல் தமனி வால்வை எடுத்துப் பெருந்தமனியில் வைத்து, காலியான இடத்தில் தானமாகப் பெற்ற மனித வால்வையோ மாட்டின் கழுத்துச் சிரையையோ பொருத்துகிறார்கள். இடம்மாறிய வால்வு உயிருள்ள திசு; அது குழந்தையோடு வளர்கிறது, மாத்திரையும் வேண்டாம். வளர்ந்தபின் தாய்மையை எண்ணும் பெண்ணுக்கு இது சிறிய விஷயமன்று, ஏனெனில் அந்த மாத்திரைகள் முதல் மூன்று மாதங்களில் கருவைப் பாதிக்கக்கூடியவை. இதற்குக் கொடுக்கும் விலை, ஒரு வால்வின் நோய் இரண்டு வால்வுகளின் கவலையாவதுதான்: நுரையீரல் தமனியில் பொருத்திய மாற்று வால்வு வளராததால் அதைப் பின்னர் மாற்ற நேரும், சிலருக்கு இடம்மாறிய வால்வின் வேர், அதாவது அதைத் தாங்கும் தமனியின் அடிப்பகுதி, விரிந்து கசியும். அனுபவம் மிகுந்த கைகளும் பொருத்தமான அளவில் தான வால்வும் இல்லாத இடத்தில் இதை வற்புறுத்தக் கூடாது.

அவை வாய்க்குமானால், பிறவிக் குறையுள்ள சிறு குழந்தைக்கு ராஸ் முறையையே நான் முன்வைப்பேன். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட பதின்வயதினருக்கு நிலை வேறு: இடம்மாறிய வால்வையும் அதே நோய் தாக்கலாம் என்பதால் அங்கே உலோக வால்வே முந்துகிறது, அந்தக் காய்ச்சல் திரும்பாமலிருக்கப் போடும் பென்சிலின் ஊசி அதன்பிறகும் தொடர வேண்டும்.