அரைவட்டமா, முழுவட்டமா? தொடக்கநிலை 4-க்கு எந்தக் கோணமானி

சிங்கப்பூரில் தொடக்கநிலை 4 கணிதத்தில் கோணங்களை டிகிரியில் அளக்கும் பாடம் வந்ததும் வீட்டில் இந்தக் கேள்வி எழும். கடையில் அரைவட்டக் கோணமானியும் இருக்கிறது, முழுவட்டமும் இருக்கிறது. எதை வாங்குவது? என் ஓட்டு அரைவட்டத்துக்குத்தான்.

அதன் மேல் பெற்றோர் சொல்லும் பெரிய குறை, இரண்டு வரிசை எண்கள். ஒரு வரிசையில் 50 இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 130 நிற்கும். எதைப் படிப்பது என்று பிள்ளை விழிக்கும். இதற்கு மருந்து கோண வகையிலேயே இருக்கிறது. கோணமானியைத் தொடும் முன், படம் செங்கோணத்தைவிட ஒடுங்கியிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்று கேளுங்கள். குறுங்கோணம் என்றால் 90-க்குள் முடிந்துவிடும், 130 அடிபட்டுப் போகும். விரிகோணம் என்றால் 50-க்கு அங்கே வேலையில்லை. வகைகளை ஒப்பித்துவிட்டு அளக்கும்போது மறந்துவிடும் பிள்ளைகளை இந்த இரட்டை வரிசை யோசிக்க வைக்கிறது. துணைப்பாட வகுப்பில் தரும் பயிற்சித்தாள்களைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

முழுவட்டம் முந்துவது ஒரே இடத்தில், 180-ஐத் தாண்டும் பின்வளை கோணத்தில். 235 டிகிரியை அதில் நேராகப் படித்துவிடலாம். அரைவட்டத்தில் மறுபக்கத்து 125-ஐ அளந்து 360-இலிருந்து கழிக்க வேண்டும். ஒரு கழித்தல்தானே! ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்கள் சேர்ந்து 360 என்று தொடக்கநிலை 5-இல் வரும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். முழுவட்டத்தில் கோடு போட நேரான விளிம்பும் கிடையாது.

மூலைமட்டம் இவற்றுக்குப் போட்டியே இல்லை. செங்கோணமா என்று பார்க்க அதைவிட வேகமான கருவி கிடையாது, ஆனால் 73 டிகிரியை அது சொல்லாது. கைப்பேசிச் செயலி? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்துச் சாய்தளத்தில் கைப்பேசியை வைத்து அளந்து பார்ப்பது நல்ல விளையாட்டு. 1:12 சரிவு, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு என்றால் ஏறக்குறைய 5 டிகிரி காட்டும். தேர்வு அறைக்குள் அதைக் கொண்டுபோக முடியாது, அவ்வளவுதான்.

சரி, அரைவட்டத்தில் எந்த அளவு? 10 செ.மீ. அகலமுள்ளதில் விளிம்பில் 1 டிகிரி என்பது 0.9 மி.மீ.கூட இல்லை, மொக்கைப் பென்சில் அதை விழுங்கிவிடும். 15 செ.மீ. என்றால் 1.3 மி.மீ. கிடைக்கும். ஆனால் பயிற்சித்தாளின் சின்னப் படங்களில் கோடு எண்கள்வரை எட்டாது, அடிக்கோல் வைத்து நீட்டிக்கொள்ள வேண்டும். கோடு நீண்டால் கோணமும் பெரிதாகிவிடும் என்று பல பிள்ளைகள் பயப்படுவார்கள். எண்கள்வரை எட்டும் ஒரு படத்தில் கோட்டை இன்னும் நீட்டி, நீட்டுவதற்கு முன்னும் பின்னும் அளக்கச் சொன்னால் பயம் போய்விடும்.

அப்புறம், கடையில் வாங்கும்போதே 0 கோடு எங்கே என்று பாருங்கள். பலவற்றில் அது அடி விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். விளிம்பைக் கோட்டில் வைத்து அளந்தால் விடை சில டிகிரி தப்பிவிடும்.