பயணத்துக்கு ஈரிழைத் துண்டு: எடை, ஈரம், வாங்கும் பக்குவம்

பையின் எடையைக் குறைக்க உட்காருகிறவர்கள் சட்டைகளை எண்ணுவார்கள், இரண்டாவது ஜோடிச் செருப்பை வெளியே எடுத்து வைப்பார்கள். டர்க்கி டவல் மட்டும் யார் கண்ணிலும் படாமல் அடியில் கிடக்கும். 75 × 150 செ.மீ. அளவில், 450 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணிக்கு 450 கிராம்) கனத்தில் இருக்கும் ஒரு டர்க்கி டவல் காய்ந்த நிலையிலேயே அரைக் கிலோ. உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. அதில் பதினான்கில் ஒரு பங்கு துவட்டிக்கொள்வதற்கே போய்விடுகிறது.

பயணக் கடைகளில் இதற்கு மாற்றாக மைக்ரோஃபைபர் (மிக மெல்லிய செயற்கை இழை) டவலை நீட்டுவார்கள். அதே அளவில் 200 ஜிஎஸ்எம் துணி என்றால் 225 கிராம். ஈரோடு, சென்னிமலைப் பக்கம் இரண்டிரண்டு இழையாக நெய்கிற சாதாரணப் பருத்தித் துண்டான ஈரிழைத் துண்டு அதைவிடவும் லேசு. 100 முதல் 150 கிராமுக்குள் நிற்கும். மடித்தால் ஒரு சட்டை பிடிக்கும் இடம்கூடப் பிடிக்காது. விலையும் பெரும்பாலும் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஆனால் கடையில் வாங்கி நேராகப் பையில் போட்டால் ஏமாற்றம் நிச்சயம். புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சாது, உடம்பில் தள்ளிக்கொண்டே போகும். நெய்யும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறாமல் இருக்கப் போட்ட கஞ்சிதான் காரணம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே வாங்கி, ஓர் இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போட வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை அலசினால் துணி தளர்ந்து ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். துணி மென்மையாக்கும் திரவத்தைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். அது நூலின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும். நீளவாக்கில் கொஞ்சம் சுருங்கும் என்பதால், உயரமானவர்கள் 60 அங்குலத்தை விட்டு 72 அங்குலமாக வாங்குவது நல்லது.

வாங்கும்போது கை சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கஞ்சி கூடுதலாக ஏற்றினால் ஓட்டை நெசவுகூட விறைப்பாக, நெருக்கமாகத் தெரியும். ஒரு மூலையை இரு விரலுக்கு நடுவில் அழுத்திக் கசக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். மாவு உதிர்ந்து கொசுவலை மாதிரி தெரிந்தால் வைத்துவிடலாம். பாலியஸ்டர் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், வாங்கிய பிறகு குஞ்சத்தில் ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். சிவப்பு, கருநீலக் கரைகளை நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பதும் அவசியம். சாயம் போகும் துண்டு, ஒரே பையில் கிடக்கும் வெள்ளை பனியனையும் சேர்த்துக் கெடுத்துவிடும். குஞ்சத்தை முடிச்சுப் போடாமல் விட்டால் நான்கு சலவையில் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். தையல்காரரிடம் கொடுத்து இரு முனையையும் மடித்து அடித்துவிடுவது மேல்.

துவட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கையாலேயே உடம்பிலுள்ள தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு துண்டைப் போட்டு, நடுவில் ஒருமுறை இறுக்கிப் பிழிந்து மறுபடி துவட்ட வேண்டும். டர்க்கியில் இந்தப் பிழிதல் சுலபமில்லை, கை வலிதான் மிச்சம். ஈரிழை சுருள்நூல் இல்லாத மெல்லிய நெசவு என்பதால் மின்விசிறிக்குக் கீழே இரவு விரித்துப்போட்டால் காலையில் காய்ந்திருக்கும். தலைமுடி நீளமாக உள்ளவர்களுக்கு ஒன்று போதாது. இரண்டு எடுத்தாலும் டர்க்கியின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

குறைவான உடைகளோடு போகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். இரவில் துவைத்த சட்டையைக் காய்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாயாகச் சுருட்டி, இரு முனையையும் எதிரெதிராக முறுக்கினால் சட்டையின் ஈரத்தில் பெரும்பகுதி துண்டுக்கு வந்துவிடும். அதன்பின் காயும் நேரம் வெகுவாகக் குறையும். மைக்ரோஃபைபரிலும் இதைச் செய்யலாம், ஆனால் சின்ன அளவு டவல்களில் முழுக்கைச் சட்டை அடங்காது.

ஈரிழைத் துண்டு எங்கே நம் காலை வாரும்? மழைக்கால ஊட்டி, கொடைக்கானலில். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது பருத்தி காயாது. அங்கே மைக்ரோஃபைபர் தெளிவாக ஜெயிக்கிறது. ஆற்றிலோ அருவியிலோ இதை மட்டும் கட்டிக்கொண்டு குளிக்க முடியாது, நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். குளிர்நாட்டுப் பயணத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கிளம்பும் காலையில் ஈரத் துண்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சாயங்காலத்துக்குள் முடைநாற்றம் ஏறிவிடும். பையின் வெளிவாரில் கட்டித் தொங்கவிடலாம், ரயிலில் ஜன்னல் ஓரம் காயப்போடலாம். நாற்றம் ஏறிவிட்டால் வீடு திரும்பியதும் கொதிக்கிற தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து அரைமணி ஊறவைத்தால் போய்விடும். சாயக்கரை இல்லாத வெள்ளைத் துண்டுக்கு மட்டுமே இந்த வைத்தியம்.