வாக்ஸா, சீலன்ட்டா, செராமிக் கோட்டிங்கா, பிபிஎஃப்பா: கார் பெயின்ட்டுக்கு எது சரி?

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் கீறல் விழாது, கல் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது, காரைக் கழுவுகிற வேலையே மிச்சம். விற்கிற இடத்தில் காதில் விழும் இந்த மூன்றுமே உண்மை இல்லை. அதற்காகக் கோட்டிங்கே வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அது நல்ல பொருள்தான். ஆனால் அது செய்கிற வேலை வேறு: அழுக்கைச் சுலபத்தில் ஒட்ட விடாது, ஒட்டினாலும் தண்ணீருக்கும் ஷாம்புக்கும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். அந்த வேலைக்காக வாங்கியவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள். கவசம் என்று நம்பி வாங்கியவர்களுக்கு முதல் கீறலிலேயே மனசு விட்டுப்போகிறது.

நான்கையும் ஒப்பிட ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தடிமன்.

கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில்தான் வரும். ஒரு மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். நாம் பார்க்கும் பளபளப்பு, ஆழம், வெயிலைத் தாங்கும் சக்தி எல்லாம் பெரும்பாலும் அந்த அடுக்கைச் சேர்ந்தவை. அதன் மேல் வாக்ஸ் தடவினால் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம் நிற்கும். செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான். பிபிஎஃப் (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) என்கிற, பெயின்ட் மேல் ஒட்டும் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான், அதாவது மொத்தப் பெயின்ட்டையும் விடத் தடிமன். முன்னால் ஓடும் லாரியின் டயரிலிருந்து தெறிக்கும் கல்லை இவற்றில் எது தாங்கும் என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாக்ஸும் சீலன்ட்டும்

நல்ல வாக்ஸ் என்றால் பெரும்பாலும் கார்னோபா கலந்தது. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கிறார்கள். சுத்தமான கார்னோபா 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் டப்பாவில் வருவது சுத்தமானது அல்ல. தடவ வசதியாக எண்ணெய், கரைப்பான், இன்னும் மென்மையான மெழுகு எல்லாம் சேர்ந்த கலவை அது. வெயிலில் நிற்கிற காரில், அடிக்கடி ஷாம்பு படுகிற காரில் சில வாரங்கள், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதம் நிற்கும். அடர் நிறங்களில் வாக்ஸ் கொடுக்கும் அந்தக் கனமான மினுமினுப்பு எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையை காரோடு கழிக்க விரும்புகிறவர்களுக்கு இது நல்ல வழிதான்.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். தடவும் விதம் கிட்டத்தட்ட வாக்ஸ் மாதிரியே, நான்கைந்து மாதம் தாக்குப்பிடிக்கும். தவறாகத் தடவினாலும் பெரிய சேதம் இல்லை, துடைத்துவிட்டு மறுபடி தடவலாம். இப்போது ஸ்ப்ரே பாட்டிலில் செராமிக் என்ற பெயரோடு வருகிறவற்றில் பலவும் இந்த வகைக்குத்தான் நெருக்கம். சிலிக்கா கொஞ்சம் கலந்திருக்கும், சில மாதம் உழைக்கும். பெயரைப் பார்த்து வருடக்கணக்கில் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தன் கையால் கார் கழுவுகிற பெரும்பாலானோருக்கு சீலன்ட்டே போதும் என்பது என் எண்ணம். கோட்டிங் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

செராமிக் கோட்டிங்

உள்ளே இருப்பது சிலாக்சேன், பாலிசிலசேன் மாதிரியான சிலிக்கான் சேர்மங்கள், கரைப்பானில் கலந்து சின்னப் பாட்டிலில் வரும். பெயின்ட் மேல் தடவியதும் கரைப்பான் ஆவியாகிப் போகும். மீதி, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கண்ணாடி போன்ற கெட்டியான படலமாக இறுகும். வாக்ஸ் மேலே உட்கார்ந்திருக்கும், ஷாம்புவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். இது பிடித்துக்கொள்ளும். ஷாம்புவுக்கு அசையாது, சாதாரணக் காரத்துக்கும் அமிலத்துக்கும் சீக்கிரம் மசியாது. எடுக்க வேண்டுமென்றால் மெஷினில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இதன் பலமும் இதுதான், தலைவலியும் இதுதான்.

பலத்தை முதலில் பார்ப்போம். கோட்டிங் போட்ட காரைக் கழுவிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். பிரஷர் வாஷர் தண்ணீர் பட்டதும் சேறு பாளம் பாளமாக வழிந்து இறங்கும். ஷாம்பு போட்டு, மிட் என்கிற கழுவும் கையுறையால் துடைக்கும்போது கை வழுக்கிக்கொண்டு போகும், அழுத்த வேண்டிய தேவை இருக்காது. பூச்சிக் கறையும் மரப் பிசினும் பாதி முயற்சியில் வந்துவிடும். பறவை எச்சம் பட்டால் உடனே கிளியர் கோட்டைத் தொடாமல் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். கொஞ்சம்தான். வெயிலில் ஒரு நாள் முழுக்க விட்டால் கோட்டிங்கையும் தாண்டித் தடம் பதியும்.

தேய்ப்பது குறைவதால் நுண்கீறல்களும் குறையும். கோட்டிங்கின் உண்மையான கீறல் பாதுகாப்பு இந்த மறைமுகப் பாதுகாப்புதான். கறுப்புக் கார் ஒன்றின் பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைப் பாருங்கள். அந்த வெளிச்சப் புள்ளியைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் இருக்கின்றன, அவற்றில் ஒளியை நம் கண் பக்கம் திருப்புகிறவை மட்டும் வட்டம் போலக் கண்ணில் படுகின்றன. ஸ்வர்ல் மார்க் என்று சொல்வது இதைத்தான். காலையில் காய்ந்த துணியை எடுத்துத் தூசி தட்டுகிற பழக்கம்தான் இதை உண்டாக்குவதில் முதலிடம். கோட்டிங் போட்டாலும் அந்தத் துணி அதே வேலையைச் செய்யும்.

அப்படியானால் 9எச் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே? அது பென்சில் அளவுகோல். குறிப்பிட்ட கடினத்தன்மை உள்ள பென்சில் முனையை 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையோடு பூச்சின் மேல் நகர்த்திப் பார்ப்பார்கள். 9எச் பென்சிலுக்கும் கீறல் விழவில்லை என்றால் 9எச். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. தெருத்தூசியில் இருப்பதோ மணல், அதாவது குவார்ட்ஸ். கனிமங்களுக்கான மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. பென்சில் அளவுகோலின் 9எச்சையும் மோஸ் அளவுகோலின் 9-ஐயும் ஒன்றாக்கி, வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பேசுவது சுத்தமான தவறு. இன்னொன்றும் உண்டு: ஒன்றிரண்டு மைக்ரான் படலம் எவ்வளவு கடினமாக இருந்தாலும், அடியில் இருக்கும் கிளியர் கோட் மென்மையானது. அழுத்தம் வந்தால் இரண்டும் சேர்ந்தே அமுங்கும்.

வெயில் பாதுகாப்பு பற்றியும் பெரிதாகச் சொல்வார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் கிளியர் கோட்டிலேயே கலந்துதான் வருகிறது. அதற்கு மேல் இத்தனை மெல்லிய படலம் கூடுதலாகச் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

அடுத்து உப்புக் கறை. கோட்டிங் வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் வீடியோவைப் பார்த்துத்தான் பலர் வாங்குகிறார்கள். அந்த முத்துதான் பிரச்சினை. கோட்டிங் இல்லாத பெயின்ட்டில் தண்ணீர் பரவி, மெல்லிய படலமாகக் காயும். கோட்டிங் மேல் அது உருண்டு, சின்ன இடத்தில் உயரமாக நிற்கும். வெயிலில் காயக் காய, தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒடுங்கி, வெள்ளை வளையமாகப் படியும். சீக்கிரம் பார்த்தால் மிதமான அமிலம் உள்ள வாட்டர் ஸ்பாட் ரிமூவரில் போய்விடும். விட்டுவிட்டால் பொறித்துக்கொண்டு உள்ளே இறங்கும், பாலிஷ் செய்தால் மட்டுமே போகும். பாலிஷ் செய்தால் அந்த இடத்துக் கோட்டிங்கும் கூடவே போய்விடும். உப்புத் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் அப்படியே காய விடுகிறவர்கள் கோட்டிங் போடாமல் இருப்பதே நல்லது. நிழலில் கழுவி, பெரிய மைக்ரோஃபைபர் டவலால் உடனே ஒற்றி எடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக வராது.

இன்னொரு தலைவலி, போடுகிற வேலை. கோட்டிங் கண்ணாடி போலத் தெளிவானது, அடியில் இருப்பதை அப்படியே பூட்டிவைக்கும். கீறலோடு போட்டால் கீறலோடு இருக்கும். அதனால் நன்றாகக் கழுவி, பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளை ரசாயனத்தால் கரைத்து, கிளே பார் என்கிற களிமண் மாதிரியான கட்டியால் மிச்ச அழுக்கை இழுத்து, மெஷினில் பாலிஷ் போட்டு, பாலிஷ் எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். முடிந்ததும் கார் ஜொலிப்பதைப் பார்த்து எல்லாரும் கோட்டிங்கைப் புகழ்வார்கள். அந்த ஜொலிப்பில் பெரும்பங்கு பாலிஷின் வேலை. அந்தப் பாலிஷ் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரானைத் தின்னும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பாலிஷ் போட்டு மறுபடி கோட்டிங் என்று போய்க்கொண்டே இருந்தால், நாம் காப்பாற்ற நினைத்த அடுக்கே கரைந்துவிடும்.

சொந்தமாகப் போடலாமா? போடலாம், பொறுமை இருந்தால். நிழலில், சூடு இல்லாத பேனலில், ஒரு சமயத்தில் அரை பானெட் அளவுக்கு மேல் எடுக்காமல் செய்ய வேண்டும். ஸ்பான்ஜில் சில சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தடவியதும் பெயின்ட் மேல், மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் வருமே, அந்த மாதிரி வானவில் நிறம் ஓடும். அது தெரிந்ததும் துடைக்க வேண்டும். சீக்கிரம் துடைத்தால் கோட்டிங் துணியோடு வந்துவிடும், தாமதித்தால் இழுத்துப் பிடிக்கும். துடைக்காமல் விட்டுப்போன இடம் மறுநாள் டார்ச் வெளிச்சத்தில் அழுக்குத் திட்டாகத் தெரியும். ஹை ஸ்பாட் என்பார்கள். இறுகிவிட்டால் அதற்கும் பாலிஷ்தான் கதி. போட்ட முதல் நாள் தண்ணீர் படவே கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம்.

வருடங்கள் போகப் போக முத்துக் கட்டுவது குறையும். உடனே கோட்டிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் மேலே புகையும் உப்பும் படிந்து அடைத்திருக்கும். இரும்புத் துகள் ரிமூவர், கொஞ்சம் அமிலத் தன்மையுள்ள ஷாம்பு என்று ஆழமாகக் கழுவினால் பழைய குணம் திரும்ப வரும்.

பிபிஎஃப்

கல் தெறிப்புக்கு இது ஒன்றுதான் பதில். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் ஃபிலிம். அடியை உள்வாங்கிக்கொள்ளும் ரப்பர் தன்மை உண்டு. நல்ல ரகத்தில் மேலே இருக்கும் மெல்லிய பூச்சு, லேசான கீறலை வெயில் சூட்டிலோ வெந்நீரிலோ தானே மூடிக்கொள்ளும். நான்கிலும் செலவு மிக அதிகம் இதற்குத்தான், ஒட்டும் கைக்குத் திறமையும் அதிகம் வேண்டும். காரின் மேலேயே வைத்து பிளேடால் வெட்டுகிறவர் கை தவறினால் கோடு பெயின்ட்டில் விழும். விளிம்பைச் சரியாக மடக்காவிட்டால் அங்கே அழுக்கு ஏறி, கருப்புக் கோடு கட்டும். மட்டமான ஃபிலிம் மஞ்சளாகும். மறுபெயின்ட் அடித்த பேனலில் பெயின்ட் பிடிப்பு சரியில்லை என்றால், ஃபிலிமை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும். ஃபிலிம் மேல் செராமிக் கோட்டிங் போடலாம், நன்றாகவே சேரும்: ஒன்று அடியைத் தாங்கும், மற்றது கழுவுவதைச் சுலபமாக்கும்.

யாருக்கு எது

நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் புதுக் கார் என்றால், கோட்டிங்குக்கு ஒதுக்கிய பணத்தை முன் பம்பர், பானெட், சைடு மிரர் இவற்றுக்கு மட்டும் பிபிஎஃப் ஒட்டச் செலவழிப்பேன். மற்ற பேனல்களுக்கு சீலன்ட் போதும். பெரும்பாலும் ஊருக்குள் ஓடும், சில வருடம் வைத்திருக்கப் போகிற, ஒழுங்காகக் கழுவப் போகிற கார் என்றால் செராமிக் கோட்டிங் தாராளமாகப் போடலாம். இரண்டு பக்கெட் (ஒன்றில் ஷாம்பு, மற்றதில் மிட்டை அலசத் தண்ணீர்), பிஎச் நடுநிலை ஷாம்பு, சுத்தமான மைக்ரோஃபைபர் மிட் என்ற பழக்கம் உள்ளவர்களிடம் அது கொடுத்த காசுக்கு உழைக்கும். பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் வாஷில் விடுகிறவர்கள் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

மேட் பெயின்ட் காருக்குக் கணக்கு வேறு. அதைப் பாலிஷ் போடவே முடியாது, போட்டால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். வாக்ஸும் திட்டுத் திட்டாக நிற்கும். அங்கே மேட்டுக்கென்றே வரும் கோட்டிங்தான் உண்மையிலேயே கைகொடுக்கிறது. புதிதாக மறுபெயின்ட் அடித்த கார் என்றால், பெயின்ட்டிலுள்ள கரைப்பான் முழுக்க வெளியேறும் வரை எதையும் போட்டு மூடக் கூடாது. எத்தனை நாள் என்பதைப் பெயின்ட் அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் கடையில் இரண்டு விஷயம் கேளுங்கள். பாலிஷுக்கு முன்னும் பின்னும் பெயின்ட் தடிமனை மீட்டரில் அளந்து காட்டுவார்களா? ஐந்து வருட வாரன்ட்டி என்றால் அதில் எது சேராது? கல் அடி, பறவை எச்சம், உப்புக் கறை, ஸ்வர்ல் மார்க் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருப்பது சகஜம், வருடா வருடம் அங்கேயே கொண்டுவந்து சர்வீஸ் செய்தால்தான் வாரன்ட்டி செல்லும் என்ற நிபந்தனையும் இருக்கும். அந்த வருடாந்தரச் செலவையும் கூட்டி, சீலன்ட் டப்பா ஒன்றின் விலையோடு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.