பழவேற்காட்டுப் பேட்டிகளும் போயா காலர் மைக்கும்

ஊர் வரலாற்றைக் குறும்படமாக எடுக்கப் புறப்படும் பள்ளி மாணவர்கள் முதலில் கேட்பது படம் ஆடாமல் கைப்பேசியைத் தாங்கிப் பிடிக்கும் கிம்பல், அடுத்துக் கேட்பது டிரோன். மைக் வேண்டும் என்று கேட்ட மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் இத்தகைய படங்களைத் திரையிடும்போது பார்வையாளர்கள் நெளியத் தொடங்குவது படம் ஆடும் இடத்தில் அல்ல, பெரியவர் ஒருவர் பேசுவது புரியாத இடத்தில்தான். அந்தக் குறையைப் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் தீர்க்கக்கூடிய பொருள் என்ற பெயர் போயா நிறுவனத்தின் பிஒய் எம்1 என்னும் வயர் உள்ள காலர் மைக்குக்கு உண்டு. திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டைப் பற்றி மாணவர்கள் எடுத்த படங்களின் வேலையில் உடனிருந்து, இதைப் பயன்படுத்திப் பார்த்த பின் எழுதும் மதிப்புரை இது.

பழவேற்காட்டில் கேமராவுக்குத் தீனி நிறையவே உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம், வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டம், சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி ஆகியவற்றை ஒரு சாதாரணக் கைப்பேசியே அழகாகப் பிடித்துவிடும். ஆனால் எந்த நாளில் எந்தக் குடும்பம் ஏரியின் எந்த இடத்தில் வலை விடுவது என்று மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கமோ, பனையோலையில் கூடை முடையும் பெண்கள் அந்தத் தொழிலை யாரிடம் கற்றார்கள் என்பதோ, 2004 சுனாமி நாளன்று கரையில் நடந்ததோ எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவை எண்பது வயதுக்காரர்களின் குரலில் இருக்கின்றன. அந்தக் குரலோ தாழ்ந்தது, பற்கள் போனதால் சற்றுக் குழைந்தது, கடற்காற்றில் எளிதில் கரைந்துவிடுவது. ஐந்தடி தள்ளி நிற்கும் கைப்பேசியின் மைக் அதைவிடத் தெளிவாகக் காகத்தின் குரலைத்தான் பதிவுசெய்யும்.

பெட்டிக்குள் மைக்குடன் ஒரு கிளிப், பஞ்சு உறை, எல்ஆர்44 பொத்தான் மின்கலம், பெரிய துளை உள்ள கருவிகளில் செருகுவதற்கான மாற்றுப் பின் ஆகியவை வருகின்றன. வயரின் நீளம் 6 மீட்டர். நடுவில் உள்ள சிறு உருளையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கைப்பேசிக்கு ஒரு நிலை, கேமராவுக்கு மற்றொரு நிலை. கைப்பேசி நிலையில் மின்கலத்துக்கு வேலை இல்லை. தேவையான மின்சாரத்தைக் கைப்பேசியே தருகிறது. கேமரா நிலையில்தான் மின்கலம் வேண்டும், அந்த நிலையிலேயே மறந்து விட்டுவிட்டால் அது வீணாகத் தீர்ந்துகொண்டிருக்கும். மாணவர்களின் கையில் கொடுக்கும்போது சுவிட்சின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிக் கைப்பேசி நிலையிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

ஒலியின் தரம் இந்த விலைக்கு வியப்பூட்டுகிறது. முகவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்தினால் குரல் நெருக்கமாகவும் நிறைவாகவும் கேட்கிறது. பேசுபவர் மூச்சு வாங்கி நிறுத்தும் இடங்கள்கூடத் தெரிகின்றன. இது எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும் வகை மைக் என்பதால், பெரியவர் பேச்சு வாக்கில் தலையைத் திருப்பி மருமகளிடம் “அது எந்த வருசம்?” என்று கேட்டாலும் குரல் அறுபடுவதில்லை, எதிரே நெருங்கி அமர்ந்திருக்கும் மாணவரின் கேள்வியும் ஓரளவு பதிவாகிவிடுகிறது. அதே குணத்தால் பக்கத்து வீட்டு மிக்சி, படகு மோட்டார், மீன் ஏலம் என எல்லாமும் உள்ளே வரும். ஆகவே இந்த மைக்குக்கு இடத்தேர்வு மிக முக்கியம். ஏரிக்கரையில் உட்காரவைத்துப் பேட்டி எடுக்க வேண்டும் என்ற ஆசையை அடக்கி, வீட்டின் உள்கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசச் செய்து, ஏரியைத் தனியாகப் படமெடுத்துக் குரலின் மேல் வைப்பதே சரி. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும்போது பதிவை நிறுத்திவிட வேண்டும். மரியாதைக்கும் அது பொருந்தும், படத்தொகுப்புக்கும் அதுவே வசதி.

பொருத்துவதில்தான் உண்மையான பாடம் இருக்கிறது, பெட்டிக்குள் வரும் தாளில் அதற்கு விடை கிடையாது. சட்டைக் காலர் உள்ளவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் கைலியும் தோளில் ஒரு துண்டுமாக வந்து அமரும் மீனவருக்குக் கிளிப்பை எங்கே மாட்டுவது? துண்டில் மாட்டினால் அவர் கையை வீசி வலை விடும் விதத்தைக் காட்டும் முதல் அசைவிலேயே துண்டு நழுவும். மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் பிளாஸ்திரியால் மைக்கை நெஞ்சில் நேராக ஒட்டி, மேலே துண்டைப் போட்டுவிட்டால் படத்திலும் தெரியாது, ஒலியும் நன்றாக வரும். பாட்டிமாருக்கு முந்தானை ஓரத்தில் மாட்டும்போது மணிமாலையும் தாலிச்சங்கிலியும் மைக்கில் உரசுகின்றனவா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த உரசல் ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக நீக்க முடியாது. மாட்டும் வேலையை அவர்கள் வீட்டுப் பெண் ஒருவரிடமே ஒப்படைத்துவிடுவதே முறை.

பஞ்சு உறை வீட்டுக்குள் பேசும்போது ‘ப’ போன்ற எழுத்துகளில் வெளிப்படும் மூச்சுக்காற்றைத் தடுப்பதற்கு மட்டுமே போதும். கடற்காற்று பஞ்சைப் பொருட்படுத்தாது. காலர் மைக்குகளுக்கென்றே முடி வைத்த சிறு உறைகள் தனியாக விற்கின்றன. கடலோர ஊர்களில் அதை இந்த மைக்கின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அடுத்த சிக்கல் துளை. இந்த மைக்கின் முனை 3.5 மில்லிமீட்டர் பின். இன்று விற்கும் கைப்பேசிகள் பலவற்றில் அந்தத் துளையே இல்லை. டைப்-சி மாற்றி வாங்கலாம், ஆனால் மலிவான மாற்றிகள் சிலவற்றில் பாட்டு மட்டும் கேட்கும், மைக் வேலை செய்யாது. கடையிலேயே செருகிப் பதிவுசெய்து பார்த்து வாங்குவது பாதுகாப்பு. துளை இருந்தாலும், சில கைப்பேசிகளின் கேமரா செயலி வெளி மைக்கைக் கண்டுகொள்ளாது. ஓபன் கேமரா என்னும் இலவசச் செயலியின் அமைப்புகளில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளது. எந்த மைக்கிலிருந்து ஒலி வருகிறது என்று அறிய ஓர் எளிய வழி: பதிவை ஓட்டிவிட்டுக் காலர் மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். திரும்பப் போட்டுக் கேட்கும்போது அந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்டால் சரி. பேட்டி முடிந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை, ஏனெனில் ஒரு முதியவர் இரண்டாம் முறை சொல்லும் கதை முதல் முறை சொன்னதைப் போல ஒருபோதும் இருப்பதில்லை.

6 மீட்டர் வயர் திண்ணையில் அமர்ந்தவரை வீட்டு முகப்போடு சேர்த்துத் தொலைவிலிருந்து எடுக்கக் கைகொடுக்கிறது. சிறிய அறையிலும் படகிலும் அதுவே தொல்லை. காலில் சிக்கும், வலையில் மாட்டும். அத்தகைய இடங்களில் மைக்கை வேறொரு கைப்பேசியில் செருகி, ஒலிப்பதிவுச் செயலியை ஓட்டி, அதைப் பேசுபவரின் மடியிலோ சட்டைப் பையிலோ வைத்துவிடலாம். கேமரா எவ்வளவு தொலைவில் இருந்தாலும் கவலை இல்லை. தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டிவிட்டால், தொகுக்கும்போது படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலில் பொருத்திக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்த மைக்கை மாணவர்கள் எப்போதுமே இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்பேன். ஐந்து நிமிடப் படத்துக்கு ஐந்து நிமிடமே பயன்பட்டாலும், மீதமுள்ள முழுப் பேட்டியும் வெட்டப்படாத ஒலிக்கோப்பாகத் தனியே நிற்கும். பேசியவரின் அனுமதியோடு அதன் ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொன்றை அவர் குடும்பத்திடமும் வைக்கலாம்.

வயர் மெல்லியது. வேலை முடிந்ததும் கைப்பேசியைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கம் பின்னின் கழுத்தில் உள்ளே இருக்கும் கம்பியை முறித்துவிடும். தளர்வான வளையமாகச் சுருட்டி ஒரு ரப்பர் வளையம் போட்டு வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

இரண்டு டிரான்ஸ்மிட்டர்களோடு வரும் வயர்லெஸ் மைக்குகள் இப்போது கீழ்விலைகளிலும் கிடைக்கின்றன. நடந்துகொண்டே பேசவைக்க, கல்லறைத் தோட்டத்தில் மாணவரே நின்று விளக்கம் சொல்ல, அவையே ஏற்றவை. ஆனால் முந்தைய இரவே சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு எந்த மாணவருடையது என்பதில் ஒவ்வொரு குழுவிலும் ஒரு சண்டை உறுதி. உட்காரவைத்து நெடுநேரம் எடுக்கும் பேட்டிக்கு வயர் மைக்கே என் தேர்வு. பள்ளிக்கு வாங்குவதாக இருந்தால் மைக் இரண்டு, முடி உறை இரண்டு, சோதித்துப் பார்த்த டைப்-சி மாற்றி ஒன்று, மைக்ரோபோர் சுருள் ஒன்று என்று வாங்கலாம். ஒரு நல்ல கிம்பலின் விலையைவிட இவை அனைத்தும் சேர்ந்தே குறைவாகத்தான் வரும்.