சத்துவாச்சாரி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை: அளந்த பிறகே கழற்றுகிறார்கள்

காரிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கிடையே தொடர்பு அறுந்துபோகும் பழுதுக்கு வேலூரில் யாரிடம் போவது என்று கேட்பவர்களுக்கு, சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் தகரக் கொட்டகைக்குள் நடக்கும் சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையைத் தயங்காமல் சொல்வேன். வசதியான கடை என்பதற்காக அல்ல. எந்தப் பொருளையும் கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்கும் பழக்கம் அங்கே இருக்கிறது என்பதற்காக.

என் ஹேட்ச்பேக்கில் இருந்த கோளாறு இதுதான்: காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் ஒன்றாக எரியும், வேகமானி முள் பூஜ்யத்துக்கு விழும், ஸ்டீயரிங் கனத்துப்போகும், சிறிது தூரம் சென்றதும் எல்லாம் தானாகவே சரியாகிவிடும். முதலில் காட்டிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் ‘யு0121’ என்ற கோடை, அதாவது பழுதுக் குறியீட்டை, காட்டியதும், ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் எழுதிவிட்டார்கள். ஆனால் ஏபிஎஸ் பெட்டியிடமிருந்து செய்தி வரவில்லை என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்வதில்லை. பெட்டி கெட்டுவிட்டதா, அதற்குக் கரண்ட் போகவில்லையா, எர்த் விட்டுப்போனதா, நடுவில் வயர் அறுந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கடிதம் வரவில்லை என்பதால் எழுதுகிறவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்தக் கடைக்காரர் எஞ்சினோடு நிற்காமல் வண்டியிலுள்ள எல்லாப் பெட்டிகளையும் ஸ்கேனரில் வரிசையாகக் கூப்பிட்டு, எது பதில் சொல்கிறது, எதற்குள் யாரைப் பற்றிய கோடு இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எஞ்சின், ஸ்டீயரிங், மீட்டர் மூன்றிலும் ஏபிஎஸ்ஸைப் பற்றிய கோடு மட்டுமே இருந்தது. ஒன்றின் மீது மற்றொன்றுக்குப் புகார் இல்லை. “மத்த பெட்டியெல்லாம் நல்லா பேசுது சார், ஏபிஎஸ்ஸுக்குப் போற பாதையிலதான் வில்லங்கம்” என்றார். பேட்டரி வோல்டேஜ், ஏபிஎஸ் ஃபியூஸ், எர்த் ஆகியவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுவதற்காக உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். அந்த இரண்டு பின்களும் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் பஸ் எனப்படும் இரட்டை வயரில் சேர்கின்றன; அந்த வயரின் இரு கோடியிலும் தலா 120 ஓம் மின்தடை இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் லைன் முழுதாக இருந்தால் மீட்டர் 60 ஓமுக்கு அருகில் காட்ட வேண்டும். காட்டியது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. உதவிக்கு இருந்த பையனை பானட்டுக்குள் வயரிங் ஹார்னஸை (வயர்க் கட்டை) ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டு வரச் சொல்லி, தான் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பேட்டரி தட்டுக்கு அடியில் கை வந்ததும் எண் 120க்குத் தாவியது. “அங்கேயே பிடிடா” என்று குரல் கொடுத்தார். பையன் கையை எடுத்ததும் மறுபடியும் 60. ஒரு கோடியின் மின்தடை இந்த வண்டியில் ஏபிஎஸ் பெட்டிக்குள் இருப்பதால், அங்கே போகும் வயர் துண்டிக்கப்படும் கணத்தில் மறுகோடியின் 120 மட்டுமே மிஞ்சுகிறது என்று விளக்கினார்.

டேப்பைப் பிரித்தபோது, இரண்டு வயர்களில் ஒன்று பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உறை தேய்ந்து, தண்ணீர் இறங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, புதுத் துண்டு இணைத்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, பழையபடியே இரண்டையும் முறுக்கி, பிராக்கெட்டிலிருந்து தள்ளிக் கட்டினார். முறுக்குவது அழகுக்காக அல்ல. செய்தி இல்லாதபோது இரண்டு வயரிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். செய்தி போகும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும், பெட்டிகள் கவனிப்பது இந்த வித்தியாசத்தை மட்டுமே. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரு வயரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் கெடுவதில்லை. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருப்பவர் முறுக்கைப் பிரித்துவிட்டு அப்படியே டேப் சுற்ற மாட்டார்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்து, ஸ்கேனரை மாட்டியபடியே கிரீன் சர்க்கிள் வரை ஓட்டிப் பார்த்தார். பரிசோதனைக்கு 900 ரூபாயும் வயர் வேலைக்கு 700 ரூபாயும் வாங்கினார். மேம்பாலத்தில் இப்போது எந்த விளக்கும் எரிவதில்லை.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார். உட்கார இடமில்லை, வேலூர் வெயிலில் அந்தத் தகரத்துக்கு அடியில் அரை நாள் நிற்பது தண்டனைதான். கேட்டால்தான் பில் வரும். ஐரோப்பியக் கார்கள் சிலவற்றுக்குத் தன் ஸ்கேனர் போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார், அதை நான் குறையாக எண்ணவில்லை. சாக்கெட்டுக்கும் உள் லைன்களுக்கும் நடுவில் செய்திகளைக் கடத்திவிடும் கேட்வே பெட்டி உள்ள வண்டிகளில் சாக்கெட்டில் கிடைக்கும் அளவு உள் லைன்களின் நிலையைக் காட்டாது என்பதால், அவற்றுக்கு நேரமும் கூலியும் கூடும்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. வீட்டில் ஓபிடி சாக்கெட்டில் மாட்டி போனில் கோடு பார்க்கும் மலிவான புளூடூத் அடாப்டர் வைத்திருப்பவர்கள் அதை நம்பி ‘கோடு இல்லை’ என்று இருந்துவிட வேண்டாம். அதனோடு வரும் சாதாரண ஆப்கள் பெரும்பாலும் எஞ்சின் பெட்டியை மட்டுமே படிக்கும். கோடு தெரிந்தால் அதை அழித்துவிட்டுப் போகவும் வேண்டாம், அவர் முதலில் கேட்பதே அதைத்தான்.