எஸ்டபிள்யூஆர் 1.2 காட்டும் குட்டி ஆண்டெனா: வாங்கலாமா?

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் (நடுவில் இணைத்து இரு பக்கமும் இழுத்துக் கட்டும் நீளக் கம்பி ஆண்டெனா) கட்ட அசோசியேஷன் விடாது. அதனால்தான் 8,500 ரூபாய் கொடுத்து இந்த இரண்டரை மீட்டர் விப்பை (செங்குத்தாக நிற்கும் கம்பி ஆண்டெனா) வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், இதே சாமான் நாலைந்து பெயரில் கிடைக்கிறது. விப், அடியில் லோடிங் காயில் (குட்டைக் கம்பியை ஈடுகட்டும் கம்பிச் சுருள்), முக்காலி, மூன்று மீட்டரில் நாலு ரேடியல் (தரையில் சுற்றிலும் விரிக்கும் கம்பி), ஒரு பை. விப் நல்ல ஸ்டீல், பையின் தையல்கூட நேர்த்தி.

7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை ட்யூனரே (ஆண்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி) வேண்டாம் என்று டப்பாவில் பீற்றிக்கொள்கிறார்கள். நானோவிஎன்ஏ என்ற குட்டி அளவுக் கருவியில் பார்த்தால் உண்மைதான், எஸ்டபிள்யூஆர் (1 என்றால் ஆண்டெனா ரேடியோவின் 50 ஓமோடு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று அர்த்தம்) நடுவில் 1.2, ஓரத்தில்கூட 2-ஐத் தொடவில்லை. எனக்குச் சந்தேகம் வந்ததே அங்கேதான். கால் அலை நீளம் என்றால் 10 மீட்டருக்கு மேல் வேண்டும், அதில் கால்வாசிகூட இல்லாத கம்பியின் ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் (பவரை அலையாகக் காற்றில் அனுப்பும் பங்கு) ஒன்றரை ஓம் தேறாது, ஆனால் கருவி காட்டுவதோ 42 ஓம். மிச்ச நாற்பதும் காயிலும் தரையும் தின்பது. 100 வாட் ஏற்றினால் மூன்று வாட்தான் காற்றில் போகும், மீதி மாடித் தளத்துக்கு ஒத்தடம். டம்மி லோடு (பவரை வெறும் சூடாக்கும் சோதனை ரெசிஸ்டர்) மாட்டினாலும் எஸ்டபிள்யூஆர் அழகாகத்தானே இருக்கும்!

50 வாட்டில் பத்து நிமிடம் எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியே பேசும் டிஜிட்டல் முறை) ஓட்டிவிட்டு, ரேடியோவை அணைத்து, காயிலைத் தொட்டேன். சுட்டது. மேலுறையைக் கீறிப் பார்த்தால் கட்டைவிரல் பருமன் குச்சியில் மெல்லிய கம்பி, இடைவெளியே இல்லாமல் அறுபது சுற்று.

தீபாவளிக்கு மாடியில் சீரியல் பல்பு கட்டும்போது அதோடு அதாக ஒரு டைபோலையும் கட்டிவிட்டேன், யாரும் கவனிக்கவில்லை. மூன்று ராத்திரி விஸ்பரில் (WSPR, சிக்னல் எவ்வளவு எட்டுகிறது என்று பார்க்கும் டிஜிட்டல் முறை) இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியதில் விப் சராசரியாக 12 டெசிபெல் பின்தங்கியது, அதாவது பதினாறில் ஒரு பங்கு பவர். "ஜப்பான் கிடைத்தது, ஐந்து ஸ்டார்" என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை, எஃப்டி8 இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே இருக்கும் சிக்னலையும் தோண்டி எடுத்துவிடும். குரலில் கூப்பிட்டுப் பார்த்தால் தெரியும் சங்கதி.

சரி, காசு போட்டாயிற்றே என்று ஐந்து மீட்டரில் பதினாறு ரேடியல் விரித்தேன். எஸ்டபிள்யூஆர் 2.5-க்கு ஏறியது. பதறாதீர்கள், தரை தின்பது குறைந்து 42 ஓம் 20 ஆகிவிட்டது என்று அர்த்தம், ஆண்டெனா தேறிவிட்டது. அப்புறம் மோட்டார் காயில் கட்டும் கடையில் 16 கேஜ் எனாமல் கம்பி எடை போட்டு வாங்கி, 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் கொஞ்சம் இடைவெளி விட்டு 25 சுற்று சுற்றினேன். ரேடியோவின் 50 ஓமோடு மேட்ச் செய்ய அடியில் ஒரு சின்ன ஷண்ட் காயில் (குறுக்கே இணைக்கும் சுருள்). இப்போது டைபோலுக்கும் இதற்கும் வித்தியாசம் 7 டெசிபெல். ஆனால் பேண்டில் கொஞ்சம் நகர்ந்தாலே மறுபடி ட்யூன் செய்ய வேண்டும், அந்த எரிச்சல் இருக்கிறது.

40 மீட்டருக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். 20 மீட்டர் பேண்டில் இதே விப்புக்கு ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் நாலு மடங்கு, காயிலும் பாதிக்கு மேல் குறைந்துவிடும், அங்கே காசுக்கு மோசமில்லை. எனக்கு விப்பும் முக்காலியும் உதவுகின்றன, அவர்கள் கொடுத்த காயில் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.